சப்பாத்துத் தட்டில் இல்லாத பிள்ளை

பங்குச் சுவாமி கேட்டதால் எழுதுகிறேன். கோயில் ஆண்டு மலருக்கு, வேலை செய்து ஓய்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று பூசை முடிவில் அறிவித்தார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள், தபால் கந்தோரில் இருந்தவர்கள் இருக்கிறார்கள், ரீச்சர்மார் இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும் என்று நான் கடைசி வாங்கில் குனிந்துகொண்டு இருந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். ஆனால் சுவாமி வாசலில் மறித்துவிட்டார்.

"செபமாலை அக்கா, நீங்கள் எத்தினை வருசம் மற்ற ஆக்களின்ர பிள்ளையளைப் பாத்தனீங்கள். அதை எழுதுங்கோ."

அப்போதும் எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் என் தங்கையின் பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓர்ஸ் ஹில் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அங்கே சாப்பிடும் மண்டபத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் விளையாட ஓர் அறை. இரும்பில் சறுக்கு மரம், ஊஞ்சல், சுழல் கதிரை எல்லாம் இருந்தன. கதவின் மேலே ஒரு பலகை: 'இங்கு விளையாடும் சிறுவர்களின் பாதுகாப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' வாசலில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பார்க்க அதில் இருக்க வேண்டிய பெட்டையைத் தண்ணீர்க் கிளாஸ் தூக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்தை வளைத்து அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு பிள்ளைகள். ஒன்று ஊஞ்சலுக்குப் பின்னால் போய் மறைந்தது, பத்து. திரும்ப வந்தது, பதினொன்று.

"அக்கா, உனக்கு இன்னும் வேலை முடியேல்லையோ?" என்று தங்கை கேட்டாள். மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பவும் எண்ணினேன்.

அது ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன பிறகு, அவர்களுடைய ஒபிசர்மார் சாப்பிட்ட கட்டடம் ஒன்று உள்துறைமுகக் கரையில் கொஞ்சக் காலம் பூட்டிக் கிடந்தது. பிறகு கொழும்பில் இருந்து ஒருவர் அதை எடுத்துச் சாப்பாட்டுக் கடை ஆக்கினார். அவரை நான் இரண்டு முறைதான் கண்டிருக்கிறேன். கடையை நடத்தியது மனேச்சர் நல்லையா ஐயா. நான் குசினியில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்தேன். இரண்டு வருசம் உரித்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து குடும்பம் குடும்பமாகச் சாப்பிட வருவார்கள். பிள்ளைகள் மேசைக்குக் கீழே ஓடுவார்கள், கறிக் கோப்பை தட்டுப்படும். நல்லையா ஐயா யோசித்து, வெள்ளைக்காரர் பந்து உருட்டி விளையாடின பெரிய மேசையை விற்றுவிட்டு, அந்த அறையைப் பிள்ளைகளுக்கு ஆக்கினார். திருகோணமலையில் அப்படி ஒன்று அதற்கு முதல் நான் காணவில்லை. கப்பல் பட்டறையில் வேலை செய்து ஓய்ந்த பஸ்தியான் பாஸ் என்ற தச்சர், ஒரு மூலையில் ஊஞ்சல் கட்டி, அறைக்கு நடுவே மரத்தால் ஒரு கப்பல் செய்தார். ஓர் ஆள் உயரம். ஏணியால் ஏறி மேல்தட்டில் நின்று மணி அடிக்கலாம், மறுபக்கத்தால் சறுக்கி இறங்கலாம். மேல்தட்டுக்குக் கீழே, உண்மையான கப்பலில் சாமான் அடுக்கும் இடம் மாதிரி, ஒரு சின்ன அறை. அதற்கு ஒரு சின்னக் கதவு, வெளியே ஒரு கொளுக்கி.

நல்லையா ஐயா என்னைக் கூப்பிட்டார். அவர் ஒருநாளும் சத்தம் போட்டது கிடையாது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார், துடைத்து முடியும் வரை நாங்கள் நிற்க வேண்டும். அந்தத் துடைப்புக்குத்தான் எல்லாரும் பயம்.

"செபமாலை, நீங்கள் சத்தம் போடாத ஆள். பிள்ளையளைப் பாக்க உங்களை விடப்போறன்."

"என்ர சொல்லைப் பிள்ளையள் கேக்குமோ ஐயா?"

"கேக்கத் தேவையில்லை. நீங்கள் எண்ணினால் காணும்."

எப்படி எண்ணுவது என்றும் அவரே சொல்லித் தந்தார். அறையின் நிலம் மெழுகு போட்டுத் துடைத்த பலகை. சப்பாத்தோடு ஏறினால் கீறுப்படும். ஆகவே வாசலில் எல்லாப் பிள்ளைகளும் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். சுவரோடு ஒரு மரத்தட்டு. சோடி சோடியாக, மூக்கு சுவரைப் பார்க்க வைக்க வேண்டும்.

"பிள்ளையளை எண்ணாதீங்கோ. அதுகள் ஓடித் திரியும், ஒண்டை ரெண்டு தரம் எண்ணுவீங்கள். சப்பாத்தை எண்ணுங்கோ. சப்பாத்து ஓடாது."

எவ்வளவு கெட்டித்தனம் என்று நினைத்தேன். சுவர் மணிக்கூடு கால் மணிக்கு ஒரு தரம் அடிக்கும். அடித்ததும் தட்டை எண்ணுவேன். தாய் தகப்பன் வந்து பிள்ளையைக் கூப்பிட்டால், அந்தச் சோடியை எடுத்து, பிள்ளையை இருத்தி, நானே மாட்டிவிட்டு அனுப்புவேன். தட்டு வெறுமையானால் அறை வெறுமை. சன்னல்களைச் சாத்தி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குசினிக்குப் போவேன். நாலு வருசம் இப்படி நடந்தது. ஒருநாளும் பிழைக்கவில்லை.

பிள்ளைக்கு யார் பொறுப்பு என்ற கதை அந்த நாலு வருசத்திலும் வந்தது. ஒருமுறை ஓர் எஞ்சினியரின் மகன் சறுக்கில் தலைகீழாக இறங்கிச் சொண்டை வெடித்துக்கொண்டான். தாய் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தா.

"உன்னை என்னத்துக்கு இதில வைச்சிருக்கு? பொம்மைக்கோ?"

அடுத்த கிழமை இன்னொரு பிள்ளை அதே மாதிரி இறங்கப் பார்த்தது. நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதன் தாய் வாசலில் நின்று சொன்னா: "என்ர பிள்ளையில நீ கை வைக்கிற வேலை வேண்டாம். நாங்கள் பாப்பம்." சொல்லிவிட்டு மேசைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தா. பார்க்கவும் வேண்டும், தொடவும் கூடாது. குசினியில் இதைச் சொன்னபோது சமையல்காரர் சிமியோன் அண்ணன், "அப்ப கண்ணால பிடி" என்றார்.

நல்லையா ஐயா போட்ட சட்டம் இன்னும் ஒன்று உண்டு. சாப்பிட வருகிறவர்களின் பிள்ளைகள் மட்டும்தான் அந்த அறைக்குள் வரலாம். வேலையாட்களின் பிள்ளைகளும் சாமான் கொண்டு வருகிறவர்களின் பிள்ளைகளும் வரக்கூடாது. இதை அவர் எனக்கு இரண்டு தரம் சொன்னவர்.

அக்கரையில் உள்ள கிண்ணியாவில் இருந்து ஞாயிறுதோறும் தோணியில் எங்களுக்குத் தயிர் வரும். கொண்டு வருபவள் கதீசா. புருசனை இழந்தவள், என்னைவிட இளையவள். தம்பி காசிம் தோணி வலிப்பான். கடைக்குப் பின்னால் கல்லால் கட்டிய சின்ன இறங்குதுறை இருந்தது. அங்கே தோணியைக் கட்டிவிட்டு அவன் காத்திருப்பான், இவள் சட்டிகளைத் தலையில் சுமந்து படியேறுவாள். எங்களுக்குத் தந்தது போக மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டு போவாள். அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள், சுலைகா. சில நாள் தாயோடு சந்தைக்குப் போகும், சில நாள் மாமனோடு தோணியில் இருக்கும்.

அந்தப் பிள்ளை அறை வாசலில் வந்து நிற்கும். உள்ளே வராது. கப்பலைப் பார்க்கும். மணி அடிக்கும் சத்தம் கேட்டால் வாய் தானாகத் திறக்கும். எத்தனை ஞாயிறு அப்படி நின்றது என்று தெரியாது.

ஒரு கச்சான் காலம். கச்சான் காற்று அடித்தால் எங்கள் ஊரில் சன்னல் திறக்க ஏலாது, வீட்டுக்குள் புழுதியும் அனலும்தான். அன்றைக்குச் சனமும் குறைவு. தட்டில் ஆறு சோடி. சுலைகா வாசலில் நின்றது.

"வா," என்றேன்.

அது என் முகத்தைப் பார்த்தது. நான் மண்டபப் பக்கம் பார்த்தேன். நல்லையா ஐயா முதுகைக் காட்டிக்கொண்டு யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து உள்ளே விட்டேன். அவ்வளவுதான். ஏணியில் ஏறி மணியை அடித்தது. இரண்டு பெரிய பிள்ளைகள் அதையும் சேர்த்துக்கொண்டு கள்ளன் பொலிஸ் விளையாடினார்கள். நான் நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

மணிக்கூடு அடித்தது. தட்டை எண்ணினேன், ஆறு. பிறகு ஒரு குடும்பம் எழும்பியது, நாலு. இன்னொரு குடும்பம், இரண்டு. ஒரு பிள்ளையின் சப்பாத்து வார் அறுந்துபோய், அதை முடிச்சுப் போட்டு மாட்டக் கொஞ்ச நேரம் எடுத்தது. கடைசிச் சோடியும் போனது. தட்டு வெறுமை. வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தேன். ஒருவரும் இல்லை. சுலைகா தாயிடம் போய்விட்டது என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சன்னல்கள் காலையில் இருந்தே சாத்திக் கிடந்தன. கதவைப் பூட்டினேன். அப்போது இரண்டரை மணி.

மூன்று மணி அடிக்கும்போது கதீசா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"என்ட புள்ள எங்க? காசிமோட இரிக்கிறாள் எண்டு நான் நினைச்சன், அவன் என்னோட எண்டு நினைச்சிரிக்கான். இங்க வந்தாளா?"

நல்லையா ஐயா வந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"செபமாலை, இந்தப் பிள்ளை உங்கட அறைக்குள்ள வந்ததோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை கண்கள் என்மேல் விழுந்தால் எனக்கு நாக்கு எழும்பாது. ஆனால் அன்றைக்கு எழும்பியது. சட்டத்தை மீறினேன் என்று தெரிந்தால் நான் நாளைக்கு வீட்டில். வீட்டில் என் கையைப் பார்த்துக்கொண்டு அம்மாவும் தம்பியும்.

"வாசலில நிண்டது ஐயா. பிறகு இறங்குதுறைப் பக்கம் போனதைக் கண்டனான்."

தட்டு வெறுமையாக இருந்தது, ஆகவே பிள்ளை போயிருக்கும். போயிருக்கும் என்பதைத்தான் போனதைக் கண்டேன் என்று சொன்னேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை இருந்தாள்.

இறங்குதுறைப் பக்கம் என்று நான் சொன்ன உடனே எல்லாருடைய முகமும் கடலுக்குத் திரும்பியது. சிமியோன் அண்ணன் கரண்டியோடு ஓடினார். காசிம் சட்டையோடு குதித்தான். உள்துறைமுகத்தில் தண்ணீர் அமைதியாகத்தான் கிடக்கும், ஆனால் கரையோடேயே ஆழம். பெரிய கப்பல் வந்து நிற்கிற இடம் அல்லவா. அவன் தண்ணீருக்குள் தாண்டு போவான், எழும்புவான், தலையை ஆட்டுவான், திரும்பத் தாண்டு போவான். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு தோணிகள் வந்தன. ஒருவர் நீட்டுத் தடியால் கல்லுகளுக்கு இடையில் குத்திக் குத்திப் பார்த்தார். அந்தத் தடி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கதீசா கண்ணை மூடினாள்.

"சுலைகா! உம்மா வந்திட்டன் புள்ள! சுலைகா!"

நான் படியில் நின்றேன். மூன்றரை அடித்தது. நாலு அடித்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. அறையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் எண்ணினவள். தட்டு வெறுமை. கடலைப் பார்த்து, மாதாவே, பிள்ளை மிதந்து வரக்கூடாது என்று செபித்துக்கொண்டிருந்தேன். காசிம் ஒருமுறை எழும்பியபோது மூக்கால் இரத்தம் வந்தது. அதைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போனான்.

கதீசா படியேறி என்னிடம் வந்தாள். 

"அக்கா, நீங்கதானே கடைசியாக் கண்ட. எந்தப் பக்கம் போனாள்? கல்லுப் பக்கமா, தோணிப் பக்கமா? நல்லா யோசிச்சுச் செல்லுங்க. நீங்க செல்லுற இடத்திலதான் தம்பி தாழுறான்."

அவளுடைய முகத்தைப் பார்க்க என்னால் ஏலவில்லை. தலையைக் குனிந்தேன். அவளுடைய கால் தெரிந்தது. வெறுங்கால். குதி வெடித்து, சிப்பி வெட்டிய இடத்தில் இரத்தம். தோணியில் வருகிறவர்கள் யார் செருப்புப் போடுகிறார்கள். காசிம் போடுவதில்லை. இவள் போடுவதில்லை.

சுலைகாவின் கையைப் பிடித்து உள்ளே விட்டபோது நான் ஒன்றும் கழற்றி வைக்கவில்லை.

எனக்குக் கால் தானாக ஓடியது. இடுப்பில் இருந்து சாவியை இழுத்தேன். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது, மெழுகு உருகின மணம். ஒரு சத்தமும் இல்லை. கப்பலைச் சுற்றிப் போனேன். கீழ்க் கதவின் கொளுக்கி வெளியே மாட்டிக் கிடந்தது. கள்ளனைப் பிடித்து மறியலில் போட்டிருக்கிறார்கள், பிறகு சாப்பாடு முடிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காற்று இரைச்சலில் அது கத்தினது ஒருவருக்கும் கேட்கவில்லை.

பிள்ளை உள்ளே சுருண்டு கிடந்தது. தலைமயிர் குளித்த மாதிரி நனைந்து, சொண்டு வெள்ளையாகி, கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாக இருந்தது. தூக்கினேன். கழுத்து நிற்கவில்லை. மூச்சு இருக்கிறதா என்று பார்க்கக்கூட எனக்குப் பயம். அப்படியே மண்டபத்துக்குள்ளால் ஓடினேன். அதுவரை ஒருநாளும் சத்தம் போடாதவள், "இருக்குது, பிள்ளை இருக்குது" என்று கத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை, சிமியோன் அண்ணன் சொன்னது.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். டொக்டர், இன்னும் அரை மணி போயிருந்தால் சொல்ல ஏலாது என்றார். பொழுது படுகிற நேரம் பிள்ளை கண் திறந்தது.

"உம்மா, கப்பலுக்குள்ள இருட்டா இரிந்த" என்றது.

கதீசா ஆஸ்பத்திரி விறாந்தையில் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அல்லாஹ்தான் ஒங்கட புத்தியில போட்டான் அக்கா. எல்லாரும் கடலப் பாக்கக்குள்ள நீங்க ஒராள்தான் அங்க ஓடின." காசிம் சுவரோடு சாய்ந்து நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தான். காதுக்குள் பஞ்சு வைத்திருந்தார்கள்.

நான் கையை மெல்ல இழுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் நல்லையா ஐயா ஒரு கடிதாசியை மேசையில் வைத்தார். தானே வாசித்தார். பிள்ளை சாப்பிட வந்தவர்களுடையது அல்ல என்றும், யாருக்கும் தெரியாமல் அறைக்குள் புகுந்தது என்றும், தாய் பிள்ளையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை என்றும் இருந்தது.

"ஐயா, நான்தான் உள்ளுக்கு விட்டனான்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"நான் கேட்டது கையெழுத்து, செபமாலை."

"போனதைக் கண்டனான் எண்டு சொன்னதும்..."

"அதை நான் கேக்கேல்லை." இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். "கொழும்பில இருக்கிறவர் அறிஞ்சால் முதல்ல அந்த அறையைப் பூட்டுவார். பிறகு உங்களை அனுப்புவார். பிறகு என்னை. எனக்கும் நாலு பிள்ளையள். அந்தப் பிள்ளை சுகம்தானே?"

"ஓம் ஐயா."

"அப்ப வையுங்கோ."

வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பழகின வட்ட எழுத்தில், செபமாலை என்று முழுதாக. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சப்பாத்தை எண்ணச் சொன்னவர் அவர், அந்தக் கொளுக்கியை வெளியே போடவிட்டவர் அவர், அது அவருக்கும் தெரியும்.  அன்று பின்னேரமே பஸ்தியான் பாஸைக் கூப்பிட்டுக் கப்பலின் கீழ்க் கதவைக் கழற்றி எடுக்கச் செய்தார். அறைக் கதவுக்கு மேலே ஒரு பலகையும் எழுதுவித்து மாட்டினார். தானே கதிரையில் ஏறி ஆணி அடித்தார். இறங்கிப் பின்னால் வந்து பார்த்தார்.

"நேராய் இருக்கோ?"

"ஓம் ஐயா, நேராய்த்தான் இருக்கு."

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள்தான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தன. கதீசா கடைக்குக் கொடுக்கும் சட்டிகளோடு எனக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டி தயிர் கொண்டு வருவாள். வாழையிலையால் மூடி, கயிறு கட்டி. "அக்காக்கு" என்று தந்துவிட்டுப் போவாள். நான் அதை வீட்டுக்குக் கொண்டு போவேன். அம்மா சாப்பிட்டுவிட்டு நல்ல கட்டித் தயிர் என்பா. நான் தொடவில்லை. சுலைகா தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அறை வாசலுக்கு வராது.

நாலாம் சட்டி வந்த அன்று குசினிப் படியில் வைத்துச் சொன்னேன்.

"கதீசா, இதை எனக்குத் தராதை. பிள்ளையை உள்ளுக்கு விட்டது நான். போனதைக் கண்டனான் எண்டது பொய். நான் காணேல்லை."

அவள் விளங்காத மாதிரிப் பார்த்தாள். திரும்பச் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது.

"பொய்யா?" என்றாள். "நீங்க செல்லித்தானே அவன் தண்ணிக்குள்ள தாண்ட. எத்தின தரம் தாண்டான் தெரியுமா ஒங்களுக்கு? இன்னும் ஒரு காது கேக்கல்ல அவனுக்கு."

"ஓம்."

"சாவி எங்க இருந்த?"

"என்ர இடுப்பில."

அவள் சத்தம் போடுவாள், நல்லையா ஐயாவிடம் போவாள், ஊருக்குச் சொல்லுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் என் கையில் இருந்த தயிர்ச் சட்டியைத் திரும்ப வாங்கினாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். படியிறங்கிப் போனாள்.

அடுத்த ஞாயிறு காசிம் மட்டும் வந்தான். சட்டிகளை இறக்கினான், என் பக்கம் பார்க்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். நான் வேலையை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். விடவில்லை. ஆனால் சப்பாத்தை எண்ணுவதை விட்டுவிட்டேன். மணிக்கூடு அடித்தால் எழும்பிப் போய், கப்பலைச் சுற்றி, ஊஞ்சலைச் சுற்றி, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். தொடாதே என்று சொன்ன தாய்மாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சொன்னால் சொல்லட்டும் என்று தொட்டேன்.

மூன்றாம் ஞாயிறு கதீசா வந்தாள். தலையில் சட்டி இல்லை. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, குசினிப் பக்கத்தால் வராமல் மண்டபத்துக்குள்ளால் நேரே வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுலைகாவின் காலில் புது றப்பர்ச் செருப்பு, சிவப்பு வார், ஓர் அளவு பெரிசு. நடக்க நடக்கத் தட்டியது.

"இவள் கப்பல் கப்பல் எண்டு உசிர எடுக்காள்," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். "நான் சந்தைக்குப் போகணும். தம்பிக்குக் காய்ச்சல், தோணிக்கு வேற ஆள் பிடிச்சி வந்திரிக்கன். ஆர்ட்ட உடுற?"

நான் மண்டபப் பக்கம் பார்த்தேன். நல்லையா ஐயா எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே மற்றப் பக்கம் திரும்பிவிட்டார்.

கதீசா குந்தி இருந்து, பிள்ளையின் காலில் இருந்து செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தட்டில், மற்றச் சப்பாத்துகளின் வரிசைக் கடைசியில், அவர்கள் வைத்திருந்த மாதிரியே மூக்கு சுவரைப் பார்க்க வைத்தாள். எழும்பும்போது கதவுக்கு மேலே பலகையைக் கண்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"அதில என்ன எழுதிரிக்கி?"

"பிள்ளையளுக்குத் தாய் தகப்பன்தான் பொறுப்பு எண்டு."

பிள்ளையின் கையை விட்டாள், அது ஏணியடிக்கு ஓடியது.

"அது சரிதானே," என்றாள். "நான் என்ட புள்ளய எண்ணிட்டன். இப்ப நீங்க எண்ணுங்க."

நான் உள்ளே போனேன். கப்பலில் மூன்று, ஊஞ்சலில் இரண்டு, ஏணியில் ஒன்று. ஏணியடியில் சுலைகா. ஒவ்வொரு தலையாகத் தொட்டு, அவளுக்குக் கேட்கும்படி சத்தமாக எண்ணினேன். ஏழு என்று சொல்லித் திரும்பிப் பார்த்தேன்.

கதீசா போகவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"இன்னொருக்கா," என்றாள்.